சாதனச் செலுத்திகள் பிழையைப் பிழையின் பெயரிலேயே சொல்லட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாண நகரில் பல ஆண்டுகளாகக் கணினி திருத்தி வருபவன் என்ற முறையில், இங்கு நிரலாக்கம் பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு விடயத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மாதம் இங்குள்ள திருநெல்வேலியில் கடை வைத்திருக்கும் ஒருவர், லினக்ஸில் இயங்கும் தமது கணினியோடு பற்றுச்சீட்டு அச்சிடும் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று வந்தார். திரையில் தோன்றிய செய்தி, இச்செயலுக்கு அனுமதி இல்லை என்பது. அதை நம்பிப் பயனர் உரிமைகளை இரண்டு நாட்கள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பழுது யூஎஸ்பி வயரில் இருந்தது. இயந்திரத்தோடு வந்த செலுத்தியின், அதாவது சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும், நாம் றைவர் என்று சொல்லும் மென்பொருளின், மூலநிரலைத் திறந்தபோதுதான் காரணம் விளங்கிற்று. சாதனம் பதில் தராவிட்டாலும், நினைவகம் போதாவிட்டாலும், சாதனமே இல்லாவிட்டாலும் அது −1 என்ற ஒரே எண்ணைத்தான் திருப்பியனுப்புகிறது. எழுதியவர் அதை 'ஏதோ பிழை' என்று எண்ணியிருப்பார் போலும். லினக்ஸிலோ செலுத்திகள் பிழை எண்ணைக் கழித்தல் குறியோடு திருப்பித் தருவது வழக்கம், அங்கு 1 என்பது அனுமதி மறுப்புக்கு உரிய எண்.

அந்தப் பணிசெயல் முறைமையில் 5 என்றால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, 12 நினைவகப் பற்றாக்குறை, 19 சாதனம் இல்லை, 110 உரிய நேரத்துக்குள் பதில் வரவில்லை. செலுத்தியின் அடிமட்டத்தில் 110 என்று தெரிந்த ஒன்றை இடையிலுள்ள செயற்கூறு (function) 5 ஆக்கி மேலே அனுப்பினால், வயரைப் பார்க்க வேண்டியவர் வன்தட்டை மாற்றுவார், காசு வாடிக்கையாளருடையது.

517 இன்னும் நுட்பமானது. தனக்கு வேண்டிய மின்வழங்கலோ கடிகாரத் துடிப்போ இன்னும் ஆயத்தமாகாதபோது, சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்க என்று செலுத்தி, பணிசெயல் முறைமையின் கருவான கேர்னலுக்குச் சொல்வதற்கான எண் அது. அதை விழுங்கிவிட்டு 19 என்று சொல்லும் செலுத்தியைக் கேர்னல் மறுபடி முயன்று பார்ப்பதில்லை. ஒரு நாள் வேலை செய்து மறுநாள் முரண்டு பிடிக்கும் கருவிகளில் சில இவ்வகையின. 517ஐப் பெரும் பிழையாகப் பதிவேட்டில் கொட்டாமல், ஏனையவற்றை எண்ணோடு பதிந்து, வந்த எண்ணையே திருப்பித் தரும் பொதுச் செயற்கூறு ஒன்று 2020இல் கேர்னலில் சேர்க்கப்பட்டது. இருப்பதைப் பயன்படுத்த என்ன தடை என்பது எனக்குப் புரியவில்லை.

விண்டோஸிலும் குறியீடு 43ஐக் கண்டு சலித்துவிட்டேன். சாதனம் தன்னிடம் கோளாறு என்று அறிவித்ததால் நிறுத்தப்பட்டது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. எந்த நோயாளிக்கும் 'சுகமில்லை' என்று துண்டு எழுதிக் கொடுக்கும் வைத்தியரிடம் எத்தனை பேர் போவார்கள்?

ஆகவே, செயற்றிட்டமாகச் சிறு செலுத்தியொன்றை எழுதும் மாணவர்களும் அதற்குப் புள்ளியிடும் விரிவுரையாளர்களும், சாதனம் இயங்குகிறதா என்பதோடு நின்றுவிடாமல், இயங்கிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கி எந்த எண் வருகிறது என்றும் பார்க்க வேண்டுகிறேன். பழுதான வயர்கள் என் கடையில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. சோதனைக்கு வேண்டியவர்கள் வந்து எடுத்துச் செல்லலாம்.

இங்ஙனம்,
கணினி திருத்துநர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.