எங்களுக்கு ஒரு சாதாரண சிப்பாய் வேண்டும்

போர் வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் எழுத்தாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். பதினைந்து வருடங்களுக்கும் மேலாக நீங்கள் கட்டியெழுப்பும் போர்க்களங்களில் ஓடிக்கொண்டும் பதுங்கிக்கொண்டும் இருக்கிறேன். 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று சொல்லிச் சொல்லியே விடிந்துபோன இரவுகள் எத்தனையோ. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். உங்கள் விளையாட்டுகளில் வரும் பெண் சிப்பாய்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

2007-ல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' விளையாட்டில் கேப்டன் பெலாயோ என்று ஒருவர் வருவார். கோப்ரா ஹெலிகாப்டர் விமானி. ரேடியோவில் ஒரு குரலாகத்தான் நமக்கு முதலில் அறிமுகம். தரையில் நாம் சண்டை போட, மேலிருந்து அவர் காவல் தருவார். அப்புறம் அவருடைய ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்படும். நாம் இறங்கி ஓடி, உடைந்து கிடக்கும் விமானி அறையிலிருந்து அவரை வெளியே இழுத்து, தூக்கிக்கொண்டு திரும்பி ஓடி வர வேண்டும். நாம் ஏறிய ஹெலிகாப்டர் மேலெழும்பிக் கொஞ்ச நேரத்தில் அணுகுண்டு வெடிக்கும். அத்தனை ஓட்டமும் வீண்.

பெலாயோ ஏன் பட்டாளத்தில் சேர்ந்தார் என்று அந்த விளையாட்டு விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அவருக்கு ஒரு வேலை இருந்தது, அதைச் செய்தார். அவ்வளவுதான். அதனாலேயே எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது. ஆனால் அந்தக் கதையில் என் நினைவில் நின்ற ஒரே பெண் சிப்பாயும் கடைசியில் இன்னொருவர் வந்து தூக்கிப்போக வேண்டியவராகத்தான் ஆனார் என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2011-ல் 'கியர்ஸ் ஆஃப் வார் 3'-ல் பெண்களும் ஆண்களைப் போலவே கனத்த கவசத்தோடு களமிறங்கினார்கள். 2012-ல் 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' புதிதாகச் சேரும் ஆட்களில் ஆணையும் பெண்ணையும் கலந்தே அனுப்பியது. யார் ஸ்நைப்பர் (தூரத்தில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர்), யார் கனரகத் துப்பாக்கி தூக்குபவர் என்பதற்கும் பாலினத்துக்கும் அதில் சம்பந்தமே இல்லை. இதையெல்லாம் செய்தவர்களுக்கு மனதார நன்றி.

சரி, மற்றதைச் சொல்கிறேன். ஒரு விளையாட்டில், பெயர் வேண்டாம், கேரக்டரை அமைக்கும் திரையில் முதலில் ஆண் உடலைத் தேர்ந்தெடுத்து நல்ல கனமான கவசம் ஒன்றை மாட்டினேன். தோளிலும் நெஞ்சிலும் தகடுகள், இடுப்பைச் சுற்றித் தோட்டாப் பைகள். பிறகு பெண் உடலுக்கு மாற்றினேன். அதே கவசம், அதே பெயர், ஆனால் பைகளைக் காணோம். இடுப்பு சிறுத்துவிட்டது. நெஞ்சுத் தகடு இரண்டாகக் குவிந்துவிட்டது. நேராக நின்றிருந்த ஆள் இப்போது ஒரு காலில் சாய்ந்து இடுப்பை ஒடித்து நிற்கிறாள். கேமராவும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. களத்தில் முதல் குண்டு பட்டபோது ஆண் சிப்பாய்கள் உறுமினார்கள். என் சிப்பாயிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, பக்கத்து அறையில் இருப்பவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று அவசரமாக ஒலியைக் குறைத்தேன்.

யாரோ உட்கார்ந்து அந்த உடலை வரைந்திருக்கிறார்கள். யாரோ குரல் கொடுத்திருக்கிறார், 'இன்னொரு டேக் போகலாம்' என்று ஒருவர் சொல்லியிருப்பார். தானாக நடந்தது ஒன்றுமில்லை.

நிஜத்தில் பெண் சிப்பாய்களின் கவசத்தில் இருந்த பிரச்சினையே வேறு. ஆண்களுக்கு அளவெடுத்துத் தைத்த கவச உடை பெண்களுக்கு நீளமாக இருந்தது. உட்கார்ந்தால் இடுப்பில் இடிக்கும். துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் சரியாக ஊன்ற முடியாது. அதனால்தான் 2010-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் பெண்களின் உடலமைப்புக்கென்று தனியாக ஒன்றை வடிவமைத்தது. குனிய வேண்டும், ஓட வேண்டும், குறி பார்த்துச் சுட வேண்டும் என்பதுதான் அங்கே கவலை. வாள்சண்டை விளையாட்டுகளில் நீங்கள் மாட்டிவிடும் அந்த இரட்டைக் குவியல் கவசமோ, விழும் வெட்டைச் சரியாக நெஞ்செலும்பின் நடுவுக்குத் தள்ளிவிடும்.

2015-ல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 5'-ல் குவாயட் என்ற ஸ்நைப்பர், தோல் வழியாகச் சுவாசிப்பவர் என்பதால் கிட்டத்தட்ட உள்ளாடையோடு போர்க்களத்தில் திரிவார். காரணம் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட சிரத்தையை ஒரு சட்டை வரைவதில் காட்டியிருக்கலாம். அபாரமான குறி உள்ள அந்தச் சிப்பாயைப் பற்றிப் பேசத் தொடங்கும் யாரும் இன்றுவரை உடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

லியூத்மிலா பாவ்லிச்சென்கோவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சோவியத் ஸ்நைப்பர், 309 பேரை வீழ்த்தியதாகக் கணக்கு. 2021-ல் 'கால் ஆஃப் டியூட்டி: வேன்கார்ட்' விளையாட்டின் பொலினா பெட்ரோவா அவரை முன்மாதிரியாகக் கொண்டு உருவானவர்தான். 1942-ல் பாவ்லிச்சென்கோ அமெரிக்காவுக்குப் போனபோது அங்கிருந்த நிருபர்கள் போர்முனையில் லிப்ஸ்டிக் போட அனுமதி உண்டா என்று கேட்டார்கள். சீருடை அழகாக இல்லையே, குண்டாகக் காட்டுகிறதே என்று எழுதினார்கள். காயம்பட்டுக் களத்திலிருந்து வந்த ஒருவரிடம் கேட்ட கேள்விகள் இவை. எண்பது வருடம் தாண்டியும் பல கேரக்டர் திரைகள் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

2018-ன் 'பேட்டில்ஃபீல்ட் 5' விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். மே மாதம் வந்த ட்ரெய்லரில் செயற்கைக் கையோடு ஒரு பிரிட்டிஷ் பெண் சிப்பாய் தோன்றியதும் இணையமே கொதித்தது. இரண்டாம் உலகப் போரில் பெண்கள் எங்கே சண்டை போட்டார்கள் என்று கத்தியவர்களுக்கு வரலாறு தெரியவில்லை. சோவியத் படைகளில் மட்டும் ஏறக்குறைய 8 லட்சம் பெண்கள் இருந்தார்கள். ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அந்த விளையாட்டு அவர்கள் போரிட்ட கிழக்குப் போர்முனைக்குப் போகவே இல்லை. அதற்குப் பதிலாக, 1943-ல் நார்வேயில், அணு ஆராய்ச்சிக்குப் பயன்படும் கனநீரைத் தயாரித்த ஆலையில் நார்வே கமாண்டோக்கள் செய்த நாசவேலையை நினைவூட்டும் கதை ஒன்றை எடுத்து, ஒரு பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் கொடுத்தீர்கள். எட்டு லட்சம் பேரின் கதை கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஆண்கள் செய்த காரியத்தை எதற்கு எங்களுக்கு இரவல் வாங்கித் தருகிறீர்கள்? கத்தியவர்கள் கையில் கல்லைக் கொடுத்தது இந்த இரவல்தான்.

இன்னொன்று. ஆண் சிப்பாய்க்குச் சண்டை போட ஒரு காரணமும் தேவையில்லை. அவன் பட்டாளத்தில் இருக்கிறான், போதும். பெண் சிப்பாய் என்றால் அப்பா சாக வேண்டும், அண்ணன் சாக வேண்டும், சித்திரவதை நடக்க வேண்டும். 2019-ன் 'மாடர்ன் வார்ஃபேர்'-ல் வரும் ஃபரா கரீம் எனக்கு மிகவும் பிடித்த கேரக்டர். படைத் தலைவி, கூர்மையானவர், உத்தரவு போடத் தெரிந்தவர். அவராக ஆடும்போதும் குழந்தையாக ஒளிந்து ஓடி, சிறையில் தண்ணீர் சித்திரவதையை அனுபவித்துத்தான் வர வேண்டியிருந்தது. அந்தக் காட்சிகளின் உழைப்பு தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு காயத்தைக் காட்டித்தானா நாங்கள் துப்பாக்கியைத் தொட வேண்டும்?

என் கோரிக்கை சின்னது. அடுத்த ஸ்குவாடில் பெயர் பெரிதாக எழுதப்படாத ஒரு பெண்ணை வையுங்கள். ஸ்நைப்பராகவோ மருத்துவ உதவியாளராகவோ வேண்டாம், அது நிறைய ஆகிவிட்டது. இயந்திரத் துப்பாக்கியைச் சுமப்பவர், டாங்கி ஓட்டுபவர் என்று யாராவது. அவர் குறி தவறட்டும், எரிந்து விழட்டும், மற்றவர்கள் மாதிரியே மூச்சு வாங்கட்டும்.

களம் வேண்டுமென்றால் சோவியத் நகரமான ஸ்டாலின்கிராட் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் 23 அன்று 1077-ஆம் விமான எதிர்ப்புப் படைப்பிரிவின் பீரங்கிகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வானத்தைப் பார்த்திருந்த குழாய்களைத் தரைக்குத் தாழ்த்தி, வந்துகொண்டிருந்த ஜெர்மன் டாங்கிகளைச் சுட்டார்கள். ஆகாயம் வேண்டுமென்றால் பெண்களே நிறைந்த சோவியத்தின் 588-ஆம் இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு இருக்கிறது. மரமும் துணியுமாகக் கட்டிய பயிற்சி விமானத்தில் போய், இலக்கை நெருங்கியதும் இன்ஜினை அடக்கி, காற்றில் சறுக்கிக் குண்டு போட்டுத் திரும்பினார்கள். திரும்பியதும் குண்டு நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள், ஒரே இரவில் பல முறை. ஆண்களின் பழைய சீருடையும் பெரிய அளவு பூட்ஸும்தான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. பூட்ஸ் கழன்று விழாமல் இருக்க உள்ளே துணியை அடைத்துக்கொண்டார்கள்.

அந்த பூட்ஸிலிருந்து தொடங்குங்கள். அதை மாட்டிக்கொண்டு விமானம் வரை நடக்கும் ஒரு நிமிடத்தை எங்கள் கையில் கொடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் வழுக்குவது கன்ட்ரோலரில் தெரியட்டும்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளை நேசிக்கும் ஒருத்தி