உன் மகனுக்குக் கேமரா வாங்கும் முன்

சேலம்,
ஆடி மாதம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆடி பிறந்துவிட்டதால் முகூர்த்தம் எதுவும் இல்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் தயாராகிக்கொண்டிருக்கிறது; நான் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வைகாசிக் கல்யாணங்களின் ஆல்பங்களை முடித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் வழக்கத்துக்கு மாறாக உடனே பதில்.

மகன் வேலையை விட்டுவிட்டுக் கல்யாண போட்டோகிராபர் ஆகப் போகிறேன் என்கிறான், விலை உயர்ந்த கேமரா கேட்கிறான், என்ன சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறாய். தொழிலுக்கு வரட்டும். கேமராவை மட்டும் இப்போது வாங்கித் தராதே.

இந்தத் தொழிலில் முதலில் படிக்க வேண்டியது உறவுமுறை. கல்யாணத்துக்கு முந்தைய நாளே பெண்ணின் அத்தையையோ பெரியம்மாவையோ பிடித்து உட்காரவைத்து விசாரித்துவிடுவேன். தாய்மாமன் யார், பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து இப்போது வந்திருப்பவர் யார், எந்தப் பாட்டியால் மேடை ஏற முடியாது, யாரை யார் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. தாய்மாமன் மாலை போடும் படம் இல்லாமல் ஆல்பம் போனால், மற்ற படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வீட்டில் நமக்கு மதிப்பில்லை.

தாலி கட்டும் நேரம் உனக்குத் தெரியும். கெட்டிமேளம் கேட்டதும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அட்சதை பறக்கும், செல்போன்கள் உயரும். தூரத்தில் பெரிய லென்ஸோடு நிற்பவனுக்கு யாரோ ஒரு சித்தப்பாவின் முதுகுதான் கிடைக்கும். நான் கிட்டத்தில் நின்றே அகலமாக எடுக்கும் 35 எம்.எம். லென்ஸோடு பெண்ணின் பக்கமாக, மேடை ஓரத்தில் குந்திக்கொள்வேன். மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் முகத்தை மறைக்காத இடம் அதுதான். பல வீடுகளில் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவார். மீதியை நாத்தனார் போடுவாள். அவள் எந்தப் பக்கத்திலிருந்து குனிவாள் என்பதையும் முன்பே கேட்டு வைத்திருப்பேன். படம் சரியாக விழவில்லை என்று தாலியை மறுபடி கட்டச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சடங்கை நிறுத்துபவன் என்னோடு வேலை செய்ய முடியாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் வெண்பட்டு வேட்டி. காட்சியில் வெள்ளை நிறைய இருந்தால் கேமரா அதை அதிக வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பல் நிறமாகும், மாப்பிள்ளையின் கறுத்த முகம் இருளில் மூழ்கிப்போகும். முகத்துக்குத்தான் வெளிச்சத்தை அளக்க வேண்டும். பட்டில் கொஞ்சம் நுணுக்கம் போனாலும் பரவாயில்லை. சரிகைக் கரை தெரிந்தால் போதும். அப்புறம் கம்ப்யூட்டரில் முகத்தை வெளுக்கச் சொல்வார்கள். நான் செய்வதில்லை. அதனால் போன ஆர்டர்களும் உண்டு, போகட்டும்.

மண்டப விளக்குகளும் தொல்லைதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். உன் மகன் இதையெல்லாம் யூடியூபில் பார்த்திருப்பான்.

அவன் பார்த்திருக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வருபவர்களில் பலர், குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் தாத்தாவையோ அத்தையையோ தனியாக வெட்டி எடுத்துப் பெரிதாக்கித் தரச் சொல்லித்தான் வருகிறார்கள். துக்க வீட்டில் மாலை போட்டு வைக்க அவர்களிடம் வேறு படம் இருக்காது. பாதி முகத்தை முன்னால் நிற்பவரின் பூ மறைத்திருக்கும், கண் மூடியிருக்கும். ஆகவே நான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்திக்கு முன்னால், ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, வயதானவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து எடுத்துவிடுவேன். காரணத்தைச் சொல்வதில்லை, அந்தப் படங்களுக்குத் தனியாகக் காசும் இல்லை. குரூப் போட்டோவைக் கேலி செய்யும் இளம் போட்டோகிராபர்கள் இப்போது அதிகம். அவர்களுக்கு எல்லாம் கேண்டிட்தான், அதாவது போஸ் கொடுக்காதபோது எடுக்கும் படம். வாய் நிறையச் சாதத்தோடு இருக்கும் மாமாவை எடுத்துவிட்டு இயல்பு என்பார்கள்.

ஏற்காட்டுக்கு ஜோடிகளை அழைத்துப்போகும் வேலையும் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பெண்கள் வாந்தி எடுத்துவிட்டு வெளிறிப்போய்த்தான் இறங்குவார்கள். அரை மணி நேரம் காபி குடிக்க விட்டுவிட்டுத்தான் கேமராவைத் தொடுவேன். பகோடா பாயிண்ட் காட்சிமுனையில் இடம் பிடிக்க ஜோடிகள் காத்திருப்பார்கள். தெரிந்தவர் தோட்டத்தில் அனுமதி வாங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனியில் எடுப்பதே எனக்குப் பிடிக்கும். நிழல் விழாத மெல்லிய வெளிச்சம், சிவப்புச் சேலை தனியே எழுந்து நிற்கும். அந்த ஈரத்தில் லென்ஸ் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வீடு திரும்பியதும் உலரவைக்க வேண்டும்.

இன்னொன்றையும் அவன் காதில் போட்டு வை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கேட்காமல் மணப்பெண் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவது இந்தத் தொழிலில் சகஜமாகிவிட்டது. நான் முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் கேட்டுவிடுவேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: மீதியை முகூர்த்தத்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ஆல்பம் வாங்க வரும்போது தருகிறேன் என்பவர், குழந்தைக்குக் காது குத்தும்போதுதான் வருவார்.

ஆவணியில் அவனை என்னிடம் அனுப்பு. முதல் சில கல்யாணங்களுக்கு லைட் பிடிக்கட்டும், உறவுக்காரர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். கேமரா கொண்டுவர வேண்டாம். பளபளக்கும் சட்டையும் வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்கே மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால் முந்தைய இரவே வந்து எங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளட்டும். புதுப் பஸ் நிலையத்தில் இறங்கி போன் செய்தால் வண்டியோடு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்