எந்த உரிமைக்காக நடந்த போர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும், பிரிந்துபோன அடிமைமுறைத் தென் மாநிலங்களுக்கும் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுங்கவரித் தகராறும், மத்திய அரசு தலையிடாமல் மாநிலங்களே முடிவெடுக்கும் மாநில உரிமையும்தான் போருக்கு மூலகாரணம், அடிமைமுறை பிற்பாடு ஒட்டவைத்த காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வரி. 1857இல் சுங்கவரியைக் குறைத்தார்கள். தென்மாநில உறுப்பினர்களும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். வரியை உயர்த்திய மாரில் சட்டம் கையெழுத்தானது 1861 மார்ச்சில். அதற்குள் ஏழு தென் மாநிலங்கள் பிரிந்துபோக முடிவெடுத்துவிட்டன.

அடுத்து மாநில உரிமை. முதலில் விலகிய தென் கரோலினா, 1860 டிசம்பரில் தன் காரணங்களை அறிக்கையாகவே வெளியிட்டது. அதைப் படித்துப் பாருங்கள். தப்பி ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வட மாநிலங்கள் மறுக்கின்றன, அதற்கு எதிராகச் சட்டம்கூடப் போட்டிருக்கின்றன, அடிமையோடு தன் மண்ணைக் கடந்துபோகக்கூட நியூயார்க் விடுவதில்லை. இவைதான் புகார். வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதே தென் கரோலினாவின் கண்ணில் குற்றமாக இருந்திருக்கிறது! மிசிசிப்பி இன்னும் வெளிப்படை. தங்கள் நிலை அடிமைமுறையோடு முழுதும் ஒன்றியது என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்தது.

1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. என் வகுப்பில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். பிடிபட்டவர் தம் பக்கத்து நியாயத்தைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. ஜூரியும் கிடையாது. விசாரிக்கும் ஆணையருக்கு, அவரை எசமானிடம் திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். எழுத்துவேலை கூடுதல் என்று அதற்கு ஒரு சமாதானம் சொன்னார்கள். கூப்பிட்டால் பொதுமக்களும் வந்து பிடித்துக் கொடுக்க உதவியாக வேண்டும். ஒளித்து வைத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். 1854இல் பாஸ்டனில் அடிமைமுறையிலிருந்து தப்பிவந்த ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞரைத் தெற்குக்குக் கப்பலேற்றத் தெருவின் இரு பக்கமும் படையை நிறுத்தினார்கள். நகரத்தார் கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கவிட்டார்கள். தெருவுக்கு மேலே ஒரு சவப்பெட்டியையும் கட்டித் தொங்கவிட்டார்கள். மத்திய அரசு தன் முழுப் பலத்தோடு ஒரு மாநிலத்துக்குள் புகுந்த அந்த நாளில், மாநில உரிமை போயிற்றே என்று தெற்கில் யார் கவலைப்பட்டார்கள்?

இரு தரப்பாரின் பிடிவாதமே போரை வரவழைத்தது என்றும் கட்டுரை முடிகிறது. பிடிவாதமா? நாற்பது ஆண்டுகள் சமரசத்துக்கு மேல் சமரசம்தான் செய்தார்கள். 1820இல் மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்ப்பதற்காக, அதைத் தவிர்த்து இந்தக் கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று வரைபடத்தில் கோடு போட்டார்கள். 1854இல் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தால் அந்தக் கோட்டையும் அழித்தார்கள். அடிமைமுறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் மோதிக் கன்சாஸில் ரத்தம் ஓடியது. அதைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை, அவையிலேயே, தம் மேசையில் உட்கார்ந்திருந்தவரை, தென் கரோலினாவின் மக்களவை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடி முறியும்வரை அடித்தார். தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன. 1857இல், விடுதலை கேட்டு டிரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே, கறுப்பினத்தார் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று தீர்ப்பளித்தது. இந்தச் சமரசங்கள் எதிலும் அடிமைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1860 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். அவர்களையும் ஒரு தரப்பாக எண்ணியிருந்தால் அந்தக் கட்டுரையை அப்படி முடித்திருக்க முடியாது.

களியக்காவிளையில் இருந்துகொண்டு அமெரிக்காவைப் பற்றி இவளுக்கு ஏன் இவ்வளவு என்று வாசகர்கள் நினைக்கலாம். எங்கள் வட்டாரம் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி. 1855இல் அரச விளம்பரம் வரும்வரை இங்கேயும் ஆளை விற்கலாம், வாங்கலாம், ஒற்றி வைக்கலாம். சர்க்காருக்கே சொந்தமாக அடிமைகள் இருந்தார்கள். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்து முதலியார் குடும்பத்தின் பழைய ஓலை ஆவணங்களில் அந்த விற்பனைகள் நிலக்கிரயத்தைப் போலவே எழுதப்பட்டிருக்கின்றன. அப்படி விற்கப்பட்டவர்களின் வழிவந்த பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வழிகாட்டிப் புத்தகத்தில் "மாநில உரிமை" என்றிருந்ததை வாசித்துவிட்டு ஒரு மாணவி எழுந்து, "எதைச் செய்ய உரிமை, டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கட்டுரையாளர் தம்மிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

உங்கள் பத்திரிகையைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறையப் பேர் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே மறுப்பாக என் கடிதத்தை மட்டும் போட்டால் போதாது. தென் கரோலினா, மிசிசிப்பி இரண்டின் அறிக்கைகளையும் அதே ஞாயிறு இணைப்பில் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். மொழிபெயர்த்துத் தர நான் தயார். ஊதியம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்