மீனாட்சியம்மாள் பாட்டுக்கு மெட்டு கேட்டு

ஹட்டன்

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். நீயும் மதினியும் சுகம்தானே? இங்கே மழையும் விட்டபாடில்லை, என் முழங்கால் வலியும் விட்டபாடில்லை. வாட்ஸ்அப்பில் பேசித் தொலையேன் என்று திட்டாதே. பேசினால் நீ பாதியிலேயே போனை மதினி கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுவாய். இது கொஞ்சம் நீளமான சங்கதி.

பேத்தி பாட்டுப் போட்டிக்குப் போனாள். கிராமியப் பாடல் பிரிவு. மற்றப் பிள்ளைகள் யூடியூப்பில் பிடித்த பாட்டுகளோடு வந்திருக்க, இவள் நம் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டுக் கட்டிய மீனாட்சியம்மாளின் பாட்டொன்றைப் பாடியிருக்கிறாள். முடிந்ததும் நடுவர் கேட்டாராம்: "நல்லா இருக்கு மகள், இது எந்தப் படத்துல வருது?" வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஹட்டன் டவுனில் வைத்துக் கேட்கிற கேள்வியா இது! பக்கத்தில் இருந்த இன்னொருவர், "நடேசய்யர் சம்சாரம்தானே, அவங்க பாடுவாங்களா?" என்றாராம். அது இதைவிட மோசம்.

தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் சம்சாரம் என்பதோடு அந்த அம்மாளை நிறுத்திவிடுகிறார்கள் மச்சான். 1931இல் அய்யர் இதே ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். கூட்டம் போட்டால் முதலில் அம்மாள் பாடுவார், பிறகுதான் அய்யர் பேசுவார். பாரதி பாட்டும் வரும், அவரே கட்டிய பாட்டும் வரும். பாட்டைக் கேட்டு நின்ற சனம்தான் பேச்சையும் கேட்டது என்பது என் கட்சி. தோட்டத்தை நடத்துகிற துரை சம்மதிக்காமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. அய்யரே புடவை வியாபாரி வேஷத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குள் நுழைந்தார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே. பாட்டை எந்தக் காவல்காரன் மறிப்பான்? கூட்டத்தில் கேட்டவள் மறுநாள் தேயிலை நிரையில் கொழுந்தெடுத்தபடி முணுமுணுத்திருப்பாள், பக்கத்து நிரைக்காரி பிடித்துக்கொண்டிருப்பாள். எழுத்து தெரியாதவளுக்கும் அரசியல் போய்ச் சேர வேறு என்ன வழி இருந்தது, சொல்லு?

1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று அம்மாள் பாட்டுப் புத்தகமே போட்டார். அதற்கு முந்திய வருஷம் அரசாங்க வேலையில் இருந்த இந்தியத் தொழிலாளர்களை நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் போலீஸ் சூட்டில் செத்தார். அந்தக் கொதிப்புக்கு நடுவே வந்த புத்தகம். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த தோட்டத்துத் தாலாட்டையும் ஒப்பாரியையும் கட்டியது யார் என்று யாருக்கும் தெரியாது. இந்த அம்மாள் தன் பெயரைப் போட்டு அச்சடித்தவர். அப்படியும் "எந்தப் படம்" என்கிறான்! சரி, விடு. ரத்த அழுத்தம் ஏறுகிறது.

இப்போது வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். நமக்குக் கிடைத்தது வெறும் வரிகள். பாடியவர் குரல் இல்லை. பேத்தி, நம் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்துக்கு அடிக்கிற தப்புப் பறை அடியைக் கீழே வைத்து, மேலே தானாக ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டாள். "பழைய மெட்டு இல்லாமல் இது எப்படி அவர் பாட்டு ஆகும்?" என்றேன். அவள் விடுவாளா? "அந்தக் காலத்தில் சனங்களுக்குத் தெரிந்த மெட்டில்தானே தாத்தா பாட்டு கட்டினார்கள், நானும் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததில் கட்டினேன்" என்கிறாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஊர் எப்படிப் பாடியது என்று ஒரு தடவையாவது காதால் கேட்க வேண்டும் எனக்கு.

அதனால் உன் பெரியத்தையிடம் போ. லயத்து வாசலில் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கும்போது கூலி, கங்காணி என்றெல்லாம் வருகிற பாட்டுகளை அவர் பாடுவார், ஞாபகம் இருக்கிறதா? வாளித் தண்ணீர் தலையில் விழும் நேரம் பார்த்து அடியை இழுப்பார், நாம் மூச்சுத் திணறி நிற்போம். இந்தியாவுக்குக் கப்பலேறி கோத்தகிரிக்குப் போனபோது தட்டுமுட்டோடு அதையும் கொண்டுதான் போயிருப்பார். அதில் அம்மாள் பாட்டு ஒன்றாவது இருக்காதா? கேள்வி கேட்டுக் குடையாதே, கோபித்துக்கொள்வார். வெற்றிலை வாங்கிக்கொண்டு போ, பழங்கதை பேசு, போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு பண்ணு. நடுவில் நீ மட்டும் பாடிவிடாதே, புண்ணியமாய்ப் போகும்.

அப்புறம், கண்டக்டர் ஐயா தவறிவிட்டார். கடைசிவரை உன் டிக்கெட் பாக்கியைச் சொல்லிக்கொண்டே இருந்தார். செத்த வீட்டில் மகன் அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான்.

போட்டியில் பேத்திக்கு இரண்டாம் இடம். பெரியத்தை மெட்டு தன்னுடையதைவிட நன்றாக இருந்தால்தான் மாற்றுவாளாம், இப்போதே சொல்லிவிட்டாள்.

உன்
பழைய தபேலாக்காரன்