பின்சுவர்க் கல்

அன்பு மகள் ஜெபாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பின்சுவரை இடித்துப் போட்டிருப்பதைக் காட்டினேன் இல்லையா, அப்போது பேரன் கேட்டான், "தாத்தா, அந்தக் கல்லுல யாரு பூ வரைஞ்சா?" என்று. நீயும், "ஆமாப்பா, யாரு வரைஞ்சது?" என்றாய். நான் சிமெண்ட் விலையைப் பேசி மழுப்பிவிட்டேன். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யாரும் வரையவில்லை அம்மா. அது பவளம். தூத்துக்குடிக் கடலில் இருக்கிற வான்தீவுப் பாரிலிருந்து, அதாவது கடலுக்கடியில் பவளம் வளர்ந்து கிடக்கிற திட்டிலிருந்து, நான் என் கையால் உடைத்துக் கொண்டுவந்தது.

1981. எனக்குப் பதினெட்டு வயது. நம் வீடு கட்டத் தாத்தா கடைக்கால் எடுத்திருந்த நேரம். நாலைந்து பேராக வள்ளத்தில் போவோம். நீர் வற்றுகிற நேரம் பார்த்து இறங்கினால் நெஞ்சளவுத் தண்ணீர்தான் இருக்கும். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் கல் 'மடக்'கென்று விட்டுவரும். வள்ளத்தில் தூக்கிப் போட்டதும் அதன் மேலெல்லாம் சளி மாதிரி ஒன்று கசியும். கைவிட்டால் நூல் நூலாக இழுக்கும். தண்ணீருக்குள் பழுப்பும் பச்சையுமாக இருந்த நிறம் கரை சேர்வதற்குள் மங்கிப்போகும். மறுநாள் வெயில் ஏறினால் குவியலே கவுச்சி அடிக்கும். செத்த மீன் நாறும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள் நாங்கள். கல் நாறுகிறதே, அப்படியென்றால் இதுவும் செத்திருக்கிறது என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்கு மட்டுமா எடுத்தோம்? காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள், ரோட்டுக்குப் போட்டார்கள், கார்பைடு செய்யக் கொண்டுபோனார்கள். 1970களின் தொடக்கத்திலேயே தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையில் வருஷத்துக்குச் சுமார் 60,000 கனமீட்டர் கல் எடுத்தார்கள் என்று அந்தக் கால ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001இல் பவளத்தைப் புலி, யானையோடு சேர்த்து அதே பாதுகாப்புப் பட்டியலில் வைத்தார்கள். அப்படியும் கல்லெடுப்பு நின்றது சுனாமிக்கு அப்புறம்தான். அன்றைக்கு நம் ஊரில் அலை பெரிதாக ஏறவில்லை. இலங்கை மறைத்தது ஒரு காரணம், தீவும் பாரும் தாங்கியது இன்னொன்று. அதைப் பார்த்துத்தான் பல பேருக்குப் புத்தியில் உறைத்தது.

பேரனுக்குப் பூவைப் பற்றி இப்படிச் சொல். ஒவ்வொரு பூவும் ஒரு வீடு. சுண்டுவிரல் நகம் அகலம்தான். உள்ளே கொழகொழவென்று ஒரு சின்ன உயிர், வாயைச் சுற்றி விரல் விரலாக இருக்கும். ராத்திரியில் அந்த விரல்களை நீட்டி, தண்ணீரில் மிதந்து வருவதைப் பிடித்துத் தின்னும். ஆனால் முக்கால்வாசிக்கு மேல் சாப்பாடு அதற்கு வேறு வழியில் வருகிறது. அதன் சதைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கி அந்தப் பாசிதான் சமைத்துப் போடுகிறது, நிறத்தைக் கொடுப்பதும் அதுதான். தின்ற தெம்பில் பவளம் தனக்குக் கீழே சுண்ணாம்பை வைத்து வைத்து மேலே எழும்பும். மான்கொம்பு மாதிரி கிளைவிடுகிற ஜாதி வருஷத்துக்கு நாலு விரல்கூட வளரும். உருண்டைக் கல்லாக வளர்கிறதே, அது ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நம் சுவரில் இருப்பது ஒன்றரைச் சாண் கனம். நான் உடைத்த அன்றைக்கே அது என்னைவிட மூத்தது.

தண்ணீர் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். 2016 கோடையில் ஆராய்ச்சிக்காரப் பிள்ளைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். காற்றே இல்லை, கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரி கிடந்தது. எட்டிப் பார்த்தால் பார் முழுக்க வெள்ளையடித்த மாதிரி இருந்தது. "இப்பவே செத்துப்போகலை அண்ணே, பட்டினி கிடக்குது" என்றாள் உன் வயசுப் பெண் ஒருத்தி. கச்சான் காற்று எழும்பித் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பும். அந்த வருஷம் நிறைய இடத்தில் திரும்பவில்லை. மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதம் இருந்தது, 23 ஆகிவிட்டது.

பார் போனால் தீவும் நிற்காது. இருபத்தொரு தீவில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. வான்தீவு 1986இல் 16 ஹெக்டேர் இருந்தது, 2014இல் 2 ஹெக்டேர் ஆகிவிட்டது. நான் வள்ளம் கட்டிச் சோறு தின்ற மணல் இப்போது கடல். மிச்சத் தீவுக்கு எதிரே கடலில் ஓட்டை ஓட்டையாக வார்த்த கான்கிரீட் கூடுகளை வரிசையாக இறக்கி அலையை மட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

பவளத்தையும் நடுகிறார்கள், தெரியுமா? 2002லிருந்தே இங்கே நடக்கிறது. விரல் நீளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையில் நைலான் கயிற்றால் கட்டி, கடலுக்கடியில் சட்டத்தில் பொருத்துவார்கள். ஒருநாள் என்னையும் கண்ணாடி மாட்டி இறங்கச் சொன்னார்கள். முன்பு கட்டிவிட்டுப் போன துண்டு ஒன்றைக் காட்டினார்கள். முடிச்சைக் காணோம். பவளம் அதன் மேலேயே வளர்ந்து மூடிவிட்டது. கிளைக்குள் நகம் அளவு நீல மீன்கள் புகுந்து புகுந்து வந்தன. பக்கத்தில் ஒரு கிளிமீன் கல்லைச் சுரண்டுகிற சத்தம் 'கறுக் கறுக்'கென்று காதில் விழுந்தது. எனக்குக் கண்ணாடிக்குள்ளேயே கண்ணீர் வந்துவிட்டது.

இவர்கள் நடுவதைச் சுமந்து போவதால் நான் உடைத்தது சரியாகிவிட்டது என்று நினைக்கவில்லை. ஒரு வள்ளம் கல் நாங்கள் அரைநாளில் ஏற்றினோம். அவ்வளவு திரும்ப வளர்வதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன். பேரன் பார்க்கலாம்.

இடித்த கல்லை லாரியில் ஏற்றிவிடலாம் என்றார் கொத்தனார். வேண்டாம், அதே சுவரில் வைத்துக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வேலை முடியும். பூப்போட்ட கல்லை மட்டும் பூசாமல், பூ வெளியே தெரிய, பேரன் கை எட்டுகிற உயரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா