ஆண்டறிக்கை 2024–25: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பப்படும், படிப்பார்களா தெரியாது.

பொங்கல் விளையாட்டு, கேரம் போட்டி, நோட்டுப் புத்தகம் வழங்கல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழுவை எட்டு முறை கூட்டினோம். கோரம் (கூட்டம் செல்லத் தேவையான வருகை) சேர்ந்தது மூன்று முறை.

மன்றத்தின் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலையின் செலவு பற்றிச் சிலர் டீக்கடையில் பேசியதால், அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீரோவில் இருப்பவை கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுகள் அல்ல. மன்ற மேடையில் பதிந்த கானா, ஆண்டுவிழாப் பேச்சு, துக்க வீடுகளில் விடிய விடியப் பாடிய மரண கானா. வேறு பிரதி கிடையாது. ராயபுரத்து உப்புக் காற்றில் கேசட்டுக்குள் இருக்கும் செம்புத் தகடு பச்சை பூத்திருக்கிறது. அதில் ஒட்டிய பஞ்சுத் துண்டு பசை காய்ந்து விழுந்தால் டேப், ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு ஒட்டி ஓடாது. சத்தம் மங்கும், விட்டுவிட்டு வரும். ஐந்து திருகைக் கழற்றி, செத்த கேசட்டிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து வைத்தால் பிழைத்துக்கொள்ளும். திருகில்லாமல் ஒட்டிய கேசட்டாக இருந்தால் விளிம்பைப் பிளேடால் பிளந்து, ரீலை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் (கேசட் ஓட்டும் மெஷினில்) போடவே கூடாது, அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

“மலிவான யூஎஸ்பி பிளேயர் போதாதா?” என்றார்கள். போதாது. அதில் வேகம் நிலையாக நிற்பதில்லை. இழுத்துப் பாடும் இடத்தில் குரல் தள்ளாடும். அதனால்தான் பழைய டெக்குக்கு ரிச்சி தெருவில் பெல்ட்டும், டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலரும் வாங்கினோம். நாலு கேசட்டுக்கு ஒருமுறை ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சி தொட்டுத் துடைக்கிறோம். குச்சி பழுப்பேறாமல் வரும்வரை. ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட திருகை, ‘ஸ’ ஒலி கூர்மையாகக் கேட்கும்வரை மயிரிழை திருப்ப வேண்டும். பதிந்த மெஷினுக்கு மெஷின் இந்தக் கோணம் மாறும்.

வீட்டில் செய்ய முன்வருபவர்கள் கவனிக்க: லேப்டாப்பின் ஒற்றை ஓட்டை ஹெட்போனுக்கும் மைக்குக்குமானது, அதில் சொருகினால் சத்தம் கிழியும். லைன் இன் (டெக்கின் ஒலியை வாங்கும் ஓட்டை) உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், இல்லையேல் ‘ஊம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும். பதிவு செய்யும் மென்பொருளான ஆடாசிட்டியில் உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 90 நிமிட கேசட் 90 நிமிடம்தான் ஓடும், குறுக்கு வழி இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பாக அது சுமார் 950 எம்பி வரும். எம்பி3 வாட்ஸ்ஆப்புக்கு மட்டும். இரைச்சல் நீக்கத்தை அள்ளிப் போட்டால் பாடகர் தண்ணீருக்குள் பாடுவார். டோலக்கின் அடி போய்விடும். முக்கியமாக, டெக்கில் போடும்முன் பின்விளிம்பின் இரு மூலையிலுமுள்ள பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுங்கள், மேலே வேறு பதிவு ஏறாது. ஒரு கேசட்டில் ஆண்டுவிழாப் பேச்சின் நடுவே ரேடியோ விளம்பரம் பதிவாகியிருக்கிறது. யார் கை என்று கேட்கப்போவதில்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. காரணம் பெல்ட் அல்ல, சந்தா. இரண்டு வருடம் கட்டாதவர்களும் கேரம் போர்டைக் கேட்டு வருகிறார்கள்.

இடம் தந்தவருக்கும், மைக் செட்காரருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குப் பாதி பீரோ பாக்கியிருக்கிறது. “கேட்டுவிட்டுத் தருகிறேன்” என்று வீட்டுக்கு எடுத்துப்போன கேசட்டுகளும் திரும்பவில்லை. புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்தால் டெக்கைத் துடைக்கக் கற்றுத்தரத் தயார். ஞாயிறு காலை 10 மணிக்கு மன்றம் திறந்திருக்கும். கேசட்டோடு சந்தாவையும் கொண்டுவந்தால் இரண்டு ரசீதையும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம்.