ஒளிப் பாடத்தை முற்றத்தில் நடத்தலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் அவசரத்தில், ஒளி பற்றிய பாடம் எங்கள் ஆரம்ப வகுப்புகள் பலவற்றில் வெறும் வினாவிடையாகச் சுருங்கிவிட்டது. ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்று ஒப்புவிக்கும் பிள்ளையிடம், அது எப்படித் தெரியும் என்று கேட்டால், புத்தகத்தில் இருக்கிறது என்ற பதிலே வருகிறது. வெயிலுக்குக் குறைவில்லாத யாழ்ப்பாணத்தில் இந்த நிலை வேண்டியதில்லை.

மாமர நிழலில் பிள்ளைகளை நிறுத்தி நிலத்தைப் பார்க்கச் சொன்னாலே போதும். இலைகளுக்கிடையிலான இடைவெளிகள் கோணல்மாணலாக இருந்தும், கீழே விழும் ஒளிப்பொட்டுகள் பெரும்பாலும் வட்டமாகவே இருக்கின்றன. ஒளி நேர்கோட்டிற் செல்வதால் ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஊசித்துளைக் கமராவாக, அதாவது வில்லையின்றிச் சிறு துளையால் மட்டும் விம்பம் விழுத்தும் கருவியாகத் தொழிற்பட்டு, சூரியனின் விம்பத்தையே நிலத்தில் விழுத்துகிறது. ஆகவேதான், 2019 டிசெம்பர் 26 அன்று வடபகுதியில் நிகழ்ந்ததைப் போன்ற சூரிய கிரகணங்களின்போது அதே பொட்டுகள் பிறைகளாக மாறுகின்றன.

ஒளித்தெறிப்புக்கு ஒரு தளவாடித் துண்டும் வெயில் படும் சுவரும் போதும். ஒளிமுறிவை, அதாவது தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி திசை மாறுவதை, சற்று விரிவாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும். கேணியிலோ குளத்திலோ நாலடித் தண்ணீர் மேலிருந்து பார்ப்பவருக்கு மூன்றடி போலத் தோன்றும் என்பது, நீந்தத் தெரியாத பிள்ளைக்குப் பரீட்சைப் புள்ளியை விடப் பெறுமதியான அறிவு.

ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் என்பதைப் பத்து வயதில் மனனம் செய்வதால் பெரிய பயன் உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. முற்றத்தில் இப்போது விழும் வெயில் சூரியனை விட்டுப் புறப்பட்டு எட்டு நிமிடங்களுக்கு மேலாகிவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை மறக்காது.

ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் வருகிறது. அந்நாட்களில் பகல் 12.10 அளவில், நிமிர்த்தி நட்ட தடியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஏப்ரலில் அது புத்தாண்டு விடுமுறையோடு வருவதால், பெற்றோர்தான் இதைச் செய்துகாட்ட வேண்டியிருக்கும். சூரியனை வெறுங்கண்ணாலோ சாதாரண கறுப்புக் கண்ணாடியாலோ நேரே பார்க்கக் கூடாது, நிலத்தில் விழும் நிழலையும் ஒளிப்பொட்டையும் மட்டுமே பார்க்க வேண்டும் என்பதை முதலிலேயே பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.